முந்திரித் தோப்புத் தேனும் ஒரு வருடக் கைவைத்தியமும்

மாசி மாதம் இரண்டாவது ஞாயிறு, காடாம்புலியூர்ப் பக்கம் இருக்கும் சித்தப்பாவின் தோப்பில் தேன் எடுத்தோம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து ஓய்ந்தபோது அந்தத் தோப்பில் நின்றவை மூன்றே மரங்கள். மற்ற முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அதற்குப் பிறகு நட்ட ஒட்டுக் கன்றுகள்தான் இப்போது பூக்கின்றன. தேனீ வந்தால் முந்திரி காய்ப்பு கூடும் என்று நான்கு பெட்டிகள் வாங்கி வைத்தார் சித்தப்பா. தேன் அவருக்கு இரண்டாம் பட்சம்தான். எனக்கு அதுதான் முதல்.

அன்று நான்கு பெட்டியிலும் சேர்த்து ஆறு கிலோ வந்தது. என் பங்கு இரண்டு பாட்டில்களில் மூன்று கிலோ, அதோடு உடைந்துபோன அடைத் துண்டுகள் ஒரு தூக்குச் சட்டி நிறைய. கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டுக்குக் கொண்டுவந்து, இந்த வருடம் இதை ஒழுங்காகப் பயன்படுத்திப் பார்ப்பது, என்ன நடக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது என்று முடிவு செய்தேன். அந்த நோட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதலில் தவறிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தேனீ பூவிலிருந்து கொண்டுவருவது தண்ணீரான பூச்சாறு. அதை அடையின் அறையில் ஊற்றி, இறக்கையால் விசிறி விசிறிச் சுண்ட வைத்து, பதம் வந்த பிறகுதான் மெழுகால் மூடி போடும். மூடிய அறை என்றால் தேன் பழுத்துவிட்டது என்று அர்த்தம். அன்று இரண்டு பெட்டிகளில் அடை முழுக்க மூடியிருந்தது. மற்ற இரண்டில் பாதி அறைகள் திறந்தே பளபளத்தன. வந்தது வந்தோம், இன்னொரு முறை யார் வருவது என்று அடை கட்டிய மரச் சட்டங்கள் எல்லாவற்றையும் தேன் பிரிக்கும் எந்திரத்தில் போட்டுச் சுற்றிவிட்டோம். நல்லவேளை, மூடிய அடைத் தேனை முதல் பாட்டிலிலும் மற்றதை இரண்டாவதிலும் தனித்தனியாகப் பிடித்திருந்தேன்.

பங்குனி கடைசியில் இரண்டாவது பாட்டிலின் மூடியைத் திருகியதும் ‘புஸ்’ என்று காற்று வெளியேறியது. மேலே ஒரு விரற்கடை உயரத்துக்கு நுரை. மோந்து பார்த்தால் பனங்கள் வாடை. நாக்கில் தொட்டால் இனிப்புக்குப் பின்னால் ஒரு புளிப்பு. நம் நாட்டு உணவுத் தர விதிப்படி தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதைத் தாண்டினால் தேனில் இயல்பாகவே இருக்கும் ஈஸ்ட் விழித்துக்கொண்டு புளிக்க வைக்கும். பழுக்காத தேன் ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் ஊர்க் காற்று. கடற்கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர்கூட இல்லாத வீட்டில், உப்பு டப்பாவே கசியும் இடத்தில், மூடி சரியாக மூடாத தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பாட்டிலை நானும் தினம் மூன்று முறை திறந்து மூடிக்கொண்டிருந்தேன். மனம் கேட்காமல்தான் கொட்டினேன். முதல் பாட்டிலை அன்றே கால் லிட்டர் கண்ணாடிப் பாட்டில்களில் பிரித்து ஊற்றி, ஒன்று காலியான பிறகே அடுத்ததைத் திறப்பது என்று வைத்துக்கொண்டேன். ஈரக் கரண்டி போடுவதையும் நிறுத்தினேன். அந்தத் தேன் இன்றுவரை கெடவில்லை.

இதை எழுதும்போதே ஒன்று சொல்ல வேண்டும். அசல் தேன் என்றால் நகத்தில் ஓடாமல் நிற்கும், தண்ணீரில் சீக்கிரம் கரையாது, தீக்குச்சியில் பற்றும், எறும்பு மொய்க்காது என்பார்கள். கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பது, தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தொட்டுப் பற்ற வைப்பது, எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது என எல்லாவற்றையும் என் இரண்டு பாட்டில்களிலும் செய்து பார்த்தேன். புளித்த பாட்டிலின் தேன் நகத்தில் ஓடியது, தண்ணீரில் சீக்கிரம் கரைந்தது. அந்தக் கணக்குப்படி அது போலித் தேன். ஆனால் நானே கண்ணெதிரில் எடுத்த தேன் அது. கெட்டியான சர்க்கரைப் பாகு ஒன்று காய்ச்சி அதையும் சோதித்தேன்; நகத்தில் அப்படியே நின்றது. நகமும் தண்ணீரும் காட்டுவதெல்லாம் கெட்டித்தன்மையை மட்டும்தான். 2020இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடைத் தேன்களை ஜெர்மனிக்கு அனுப்பி அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு (என்.எம்.ஆர்.) என்ற நுட்பமான ஆய்வக முறையில் சோதித்தபோதுதான் பலவற்றில் கலப்படம் பிடிபட்டது. நம் ஊர் ஆய்வகச் சோதனைகளைத் தாண்டிவிடுகிற மாதிரியே பாகு தயாரிக்கிறார்கள் என்பதும் அப்போது வெளியே வந்தது. நகத்தில் அது எப்படித் தெரியும்? தெரிந்த ஆளிடம், எடுக்கும்போது பார்த்து வாங்குவதை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்து மெழுகு. தேன் வடிந்த அடைத் துண்டுகளைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி, உள்ளே ஒரு கூழாங்கல்லும் போட்டு, பாத்திரத்தில் தண்ணீர் விட்டு மிதமான தீயில் வைத்தேன். மெழுகு 62 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டியதில்லை. மூட்டையை மரக்கரண்டியால் அழுத்த அழுத்த மஞ்சள் எண்ணெய் மாதிரி மேலே வந்து மிதந்தது. அடுப்பை அணைத்து மூடி வைத்துவிட்டேன். காலையில் திறந்தபோது தண்ணீர் மேல் ஓர் அடை போல உறைந்து நின்றது. அடியில் ஒட்டியிருந்த கரும் மண்டியைக் கத்தியால் சுரண்டி எடுத்து, இன்னொரு முறை உருக்கி வடிகட்டினேன். தராசில் 70 கிராம். வீடு முழுக்க இரண்டு நாள் தேன் வாசனை. பாத்திரம்தான் போனது. மெழுகு பிடித்த பாத்திரம் வேறு எதற்கும் உதவாது. பழைய பாத்திரம் ஒன்றையே எடுங்கள்.

இந்த மெழுகில் அம்மாவுக்குப் பித்தவெடிப்புக் களிம்பு செய்ய நினைத்தேன். அம்மாவின் குதிகாலில் வருடக் கணக்காக வெடிப்பு. ராத்திரி போர்வை நூல் மாட்டும். புடவைக் கரை சிக்கி இழுக்கும்போது ‘ஸ்’ என்பார். விரலால் தடவினால் அரம் மாதிரி இருக்கும்.

மெழுகு 20 கிராம், தேங்காய் எண்ணெய் 60 மில்லி, விளக்கெண்ணெய் 20 மில்லி, தேன் ஒரு தேக்கரண்டி. கொதிநீர்ப் பாத்திரத்தில் சின்னக் கிண்ணத்தை இறக்கி மெழுகையும் எண்ணெய்களையும் உருக்கி, சூட்டோடு தேனை ஊற்றிக் கலக்கி டப்பாவில் ஊற்றினேன். மறுநாள் ஸ்பூனை உள்ளே விட்டால் மேலே மெழுகு, அடியில் தேன் தனிக் குளமாகக் கிடந்தது. தேன் எண்ணெயில் கரையாது. எண்ணெயை விட ஒன்றரை மடங்கு கனமும் கூட. சும்மா கலக்கினால் கீழேதான் போகும்.

இரண்டாவது முறை பொறுமையாகச் செய்தேன். உருக்கிய கலவையை இறக்கி வைத்து, கிண்ணத்தின் ஓரம் வெள்ளையாக மங்கத் தொடங்கும்வரை காத்திருந்தேன். கிண்ணத்தைத் தொட்டால் கை பொறுக்கும் சூடு. அப்போது தேனைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தயிர் கடையும் சின்ன மத்தால் கால் மணி நேரம் விடாமல் கடைந்தேன். பசையாக இறுகி, வெண்ணெய் மாதிரி வந்தது. பார்க்கவே அழகாக இருந்தது. மூன்று வாரம் அப்படியே நின்றது. அப்புறம் அக்னி நட்சத்திரம் பிறந்தது. ஒரு மதியம் டப்பாவைத் திறந்தால் களிம்பின் மேல் வியர்த்தது போலத் தேன் முத்து முத்தாக நின்றது. அலமாரி ஓரமாக எறும்புச் சாரி.

மூன்றாவது முறைதான் புத்தி வந்தது. இரண்டையும் ஒரே டப்பாவில் அடைக்க என்ன அவசியம்? களிம்பைத் தேன் இல்லாமல் மெழுகும் எண்ணெயும் மட்டுமாகச் செய்தேன். இரவில் அம்மா வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் காலை ஊற வைப்பார். ஈரத்தோடு ஒரு ஸ்பூன் தேனைக் குதிகாலில் தடவிக் கால் மணி நேரம் விடுவார். கழுவித் துடைத்துவிட்டு, தோல் இன்னும் சற்று ஈரமாக இருக்கும்போதே களிம்பைப் பூசி, பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு படுப்பார். தேன் தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மெழுகு அந்த ஈரம் ஓடாமல் மேலே மூடும். வேலை இரண்டும் வேறு வேறு, நேரமும் வேறு வேறு. நான்காவது நாள் எரிச்சல் இல்லை என்றார். மூன்றாவது வாரம் ஓரங்கள் மழுங்கி, வெடிப்பு கோடாக மட்டும் தெரிந்தது. புடவைக் கரை சிக்கவில்லை.

இதைப் பார்த்துவிட்டு அத்தையும் கேட்டார். அத்தைக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. காலில் உணர்ச்சி குறைவு. அவருக்கு நான் களிம்பு கொடுக்கவில்லை. வெடிப்பை முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு வாங்க அத்தை என்று அனுப்பினேன். சர்க்கரைக்காரர்களின் காலில் சின்னக் கீறலும் பெரிய புண்ணாகும். அங்கே கைவைத்தியம் வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

அப்பாவோடும் இதே சர்க்கரை விஷயமாக ஒரு வாக்குவாதம். “தேன்ல என்னம்மா சர்க்கரை இருக்கு, அது மருந்துதானே” என்று காபியில் தேன் கேட்டார். ஒரு மேசைக்கரண்டித் தேன் ஏறக்குறைய 21 கிராம். அதில் 17 கிராம் சர்க்கரைதான், பழச் சர்க்கரையும் குளுக்கோஸுமாக. அவ்வளவு சர்க்கரையைத் தராசில் அளந்தே காட்டினேன். சுடச்சுடக் காபியில் ஊற்றினால் தேனிலிருக்கும் நொதிகளும் வீணாகும். காலையில் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் குடித்தால் இளைக்கும் என்பார்கள். இரண்டு மாதம் குடித்தேன், எடை அப்படியே இருந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

முகத்துக்கு வருகிறேன். முகத்தை நனைத்துவிட்டு, அரை ஸ்பூன் தேனை அப்படியே தடவி, கால் மணி நேரம் கழித்துக் கழுவுவது எனக்கு நன்றாக ஒத்துக்கொண்டது. பயத்தம் மாவு போட்டுக் கழுவினால் வரும் இழுப்பு இல்லை. உலர்ந்த முகத்தில் தடவினால் பிசுபிசுவென்று ஒட்டி, கழுவும்போது தோலை இழுக்கும். அதனால் முதலில் ஈரம் வேண்டும். உதட்டு வெடிப்புக்கும் இதேதான், மேலே துளி மெழுகுக் களிம்பு.

ஆனால் நிறம் கூடும் என்று எலுமிச்சைச் சாற்றைத் தேனில் கலந்து ஒரு நாள் போட்டேன். சரியாகக் கழுவாமல், நாலு மணி வெயிலில் பையனைக் கூட்டிக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்விட்டேன். ராத்திரி கன்னத்தில் எரிச்சல், இரண்டு நாளில் சிவந்து, பிறகு விரல் தடம் மாதிரி கருந்திட்டு. எலுமிச்சையில் இருக்கும் ஒரு பொருள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் சுட்டுவிடும் என்று தோல் மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. திட்டு மறைய நான்கு மாதம் ஆனது. அந்தக் கருப்பைக் கண்ணாடியில் பார்த்த ஒவ்வொரு நாளும் வருத்தமாக இருந்தது. தயவுசெய்து முகத்துக்கு எலுமிச்சை வேண்டாம்.

பொடுகுக்குப் போட்டது என் கணவருக்கு. “தேன் பட்டா முடி நரைச்சிடும்” என்று முதலில் தலையைக் கொடுக்கவே மறுத்தார். சின்ன வயதில் தேன் குடிக்கும்போது மீசையில் படாமல் பார்த்துக்கொள் என்று தாத்தா சொன்னாராம். நரை என்பது முடியின் வேரில் நிறமி குறைவதால் வருவது. மேலே தடவியது வேரின் நிறத்தை மாற்றாது. 2001இல் வந்த ஓர் ஆய்வில், பொடுகும் தலை அரிப்பும் இருந்த முப்பது பேருக்கு, ஒன்பது பங்கு தேனில் ஒரு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து ஒருநாள் விட்டு ஒருநாள் தேய்த்து, மூன்று மணி நேரம் ஊறவிட்டிருக்கிறார்கள். ஒரு வாரத்தில் அரிப்பும் செதிலும் அடங்கியிருக்கின்றன. கொஞ்சம் தண்ணீர் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. தேனில் இருக்கும் ஒரு நொதி, தண்ணீர் பட்டதும் வேலை செய்யத் தொடங்கி ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறிது சிறிதாக உண்டாக்கும். கிருமியைக் கட்டுப்படுத்துவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கெட்டித் தேனில் அந்த நொதி ஏறக்குறைய தூங்கிக்கொண்டிருக்கும்.

அவரால் மூன்று மணி நேரம் உட்கார முடியவில்லை. ஞாயிறும் புதனும் ஒரு மணி நேரம் என்று செய்தோம். இரண்டாவது வாரம் அரிப்பு நன்றாகக் குறைந்தது, கருப்புச் சட்டையில் வெள்ளைத் தூள் விழுவது நின்றது. நிறுத்திய ஒன்றரை மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் நான்கு மேசைக்கரண்டித் தேன் கரைகிறது. வேலை செய்கிறது என்பது உண்மை. ஆனால் வேலைக்குப் போகிற மனிதருக்கு மருந்துக் கடைப் பொடுகு ஷாம்புதான் கட்டுப்படியாகும்.

தீப்புண்ணுக்கும் தேன் நல்லது என்பது வெறும் பேச்சல்ல. சோலாப்பூரில் சுப்பிரமணியம் என்ற அறுவை மருத்துவர் தீப்புண்ணுக்குத் தேன் கட்டுப் போட்டு, அதை 1991இல் ஆய்வாகவே வெளியிட்டார். மருத்துவமனைக் கட்டுக்கென்று இப்போது விற்கும் தேன் கதிர்வீச்சால் கிருமி நீக்கியது. நம் சமையலறைத் தேன் அப்படி இல்லை. எண்ணெய் தெறித்தபோது நான் செய்தது இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டியது மட்டும்தான்.

தேனின் மதிப்பை எனக்கு முழுசாகக் காட்டியது ஐப்பசி மழை. பையனுக்கு எட்டு வயது. சளி இறங்கிய பிறகும் வறட்டு இருமல் விடவில்லை. ராத்திரி படுத்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து உட்கார்ந்து இருமுவான். நோட்டில் எண்ணி எழுதினேன்: பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் 14 தடவை. மறுநாள் படுக்கப் போவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு தேக்கரண்டித் தேன், வேறு எதுவும் சேர்க்காமல், மெதுவாக நக்கச் சொன்னேன். அன்று 6 தடவை. மூன்றாம் நாள் ஒரே ஒரு தடவை, அதுவும் தூக்கத்திலேயே. தானாகவே அடங்கும் நேரமாகவும் இருந்திருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 2007இல் அமெரிக்காவில் குழந்தைகளிடம் இப்படியே இரவில் தேன் கொடுத்துப் பார்த்த ஆய்வில், மருந்து எதுவும் கொடுக்காத பிள்ளைகளை விட இருமலும் தூக்கமும் தெளிவாக மேம்பட்டிருந்தன. இரண்டு முதல் ஐந்து வயதுவரை அரைத் தேக்கரண்டி, அதற்கு மேல் பதினொன்றுவரை ஒரு தேக்கரண்டி என்பது அவர்கள் கொடுத்த அளவு. இஞ்சிச் சாறு, துளசி எல்லாம் அம்மா சேர்ப்பார், தப்பில்லை. சித்த மருத்துவத்தில் சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதே வழக்கம். ஆனால் நான் தேன் மட்டும் என்ன செய்கிறது என்று பார்க்க நினைத்தேன். மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் விடாமல் இருந்தாலோ தேனை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் ஒரு துளியும் ஆகாது. இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனி மாதம் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் தங்கை வீட்டுக்கு ஒரு பாட்டில் கொண்டுபோனேன். பாப்பாவுக்கு அப்போது நான்கு மாதம். தங்கையின் மாமியார் பாட்டிலைப் பார்த்ததும் மகிழ்ந்துபோய், “பிறந்தப்ப ஆஸ்பத்திரியில சேனை வைக்க விடல. இப்ப நம்ம தோப்புத் தேனைத் தொட்டு வைப்போம்” என்று விரலை நீட்டினார். பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பதுதான் சேனை. நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். அந்த வீட்டில் நான் அப்படிச் செய்திருக்கக் கூடாதுதான். அவர் முகம் சுண்டிவிட்டது.

உட்கார வைத்து மெதுவாகச் சொன்னேன். மண்ணிலும் தூசியிலும் இருக்கும் ஒரு கிருமியின் வித்து எந்தத் தேனிலும் இருக்கலாம், எவ்வளவு சுத்தமான தேனிலும். பெரியவர்கள் குடலில் அது முளைக்காது. ஒரு வயதுக்குள் குழந்தையின் குடலில் முளைத்து விஷத்தை உண்டாக்கும். மலச்சிக்கலில் தொடங்கி, அழுகை மெலிந்து, தலை நிற்காமல் துவண்டு, மூச்சுத் தசைவரை போய்விடும். அரிதாகத்தான் வரும், வந்தால் தீவிரச் சிகிச்சைதான். வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. “எங்க காலத்துல எல்லாருக்கும் வச்சோமே அம்மா” என்றார். வைத்தார்கள்தான், நானும் சேனை வைத்து வளர்ந்த குழந்தைதான். அதை மறுக்கவும் இல்லை, அவர் ஆசையைத் தள்ளவும் மனம் வரவில்லை. பாட்டிலில் ஒரு காகிதம் ஒட்டி, பாப்பாவின் முதல் பிறந்தநாள் தேதியை எழுதி, “அன்னைக்கு நீங்கதான் முதல்ல வைக்கணும் அத்தை” என்று அவர் கையிலேயே கொடுத்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்று அவர் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டார்.

மார்கழியில் தங்கை போன் செய்தாள். “அக்கா, தேன் அடியில சர்க்கரை மாதிரி உறைஞ்சு போச்சு. அத்தை கவலைப்படுறாங்க, கலப்படமோன்னு.” குளிரில் தேனிலிருக்கும் குளுக்கோஸ் மணி மணியாக உறைவது இயல்பு, நல்ல தேனும் உறையும். வெளியே எடுத்து, கை பொறுக்கும் சூட்டில் இருக்கும் தண்ணீரில் பாட்டிலை அரை மணி நேரம் வைக்கச் சொன்னேன். அடுப்பில் வைக்க வேண்டாம், மூடியைத் திறக்க வேண்டாம் என்றேன். சாயந்திரம் மறுபடி கூப்பிட்டாள். பாதி கரைந்திருக்கிறதாம், அத்தை தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாராம். பிறந்தநாளுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.